காலி லாரியின் வேகம்

இது நடந்தது அறுபத்து நான்கிலா அறுபத்தைந்திலா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. கேரளத்துக்கு நெல்லோ அரிசியோ கொண்டுபோகக் கூடாது என்று சர்க்கார் தடுத்து வைத்திருந்த வருஷம். ஆனி பிறக்கும் முன்பே சாரல் இறங்கிவிட்ட வருஷம். இரண்டும் ஒரே வருஷம்தானா என்று கேட்டால், இல்லாமலும் இருக்கலாம். சிவசைலம் சார் சொன்னது கொஞ்சம், அவர் வீட்டம்மா சொன்னது கொஞ்சம், அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தவர்கள் சொன்னது கொஞ்சம் என்று என்னிடம் வந்து சேர்ந்தது. எது யாருடைய பங்கு என்று இனிப் பிரிக்க முடியாது. லாரியின் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்லும்போது சார் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிக் காட்டினார்.

சிவசைலம் தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். ராயகிரிக்காரர். அதிகம் பேசமாட்டார். பையன்கள் கேள்வி கேட்டால் உடனே பதில் வராது; ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார், வகுப்பே காத்திருக்கும், பிறகு ஒரே வாக்கியத்தில் பதில் வரும். வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி குழல்வாய்மொழி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தையில்லை.

குழல்வாய்மொழியின் தாய்மாமனுக்கு ஒரே மகன் வீரபாகு. முறைப்படி அவள் அவனுக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் சின்ன வயசிலிருந்தே பேச்சு. அவன் படிப்பை விட்டுவிட்டு லாரியில் ஏறினான். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். 'நாலு வேலி நிலம் வச்சிருந்த குடும்பத்துப் பிள்ள கைல கிரீஸோட வந்து நிக்கான்' என்று பெண்ணின் அப்பாவுக்கு மனசு விட்டுப்போனது. பி.எஸ்சி. படித்த அந்நிய மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார். வீரபாகு கல்யாணத்துக்கு வந்து பந்தியில் வாளி தூக்கிப் பரிமாறினான். சிவசைலத்தின் இலையில் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றி, "நல்லா சாப்பிடுங்க அண்ணாச்சி, நம்ம வீட்டுப் பாயசம்" என்றான். அந்த 'நம்ம வீட்டு' சிவசைலத்தின் தொண்டையில் அன்றைக்கே நின்றுவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. அவள் வீரபாகுவை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். முறை அது, அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிவசைலத்தை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான், "இந்தாருங்க" என்பதோடு சரி. ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் இருக்கிறது, நாளில் ஒருதரமாவது வேறொருவனுக்காக வெளியே வருகிறது, தனக்கு வருவதில்லை என்று அவர் கணக்கு வைத்திருந்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாத கணக்கு.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மாசி வீதியில் திரும்பியபோது, தன் வீட்டு வாசலில் லாரி நிற்பதைப் பார்த்தார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பின்பக்கம் தார்ப்பாய் விலகிய இடத்தில் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு வீரபாகு பேசிக்கொண்டிருந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழல்வாய்மொழி சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

அவர் பாட்டுக்கு நடந்து போயிருக்கலாம். 'வா வீரபாகு' என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த தையல்கடைக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றார். மழை இல்லை. ஒதுங்கி நிற்க ஒரு காரணமும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் போகவும் முடியவில்லை. பார்வையை இறக்கி லாரியின் பின்சக்கரத்தில் வைத்தார். வில்லாக வளைந்து நிற்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாக, இன்னும் கொஞ்சம் போனால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும் என்பதுபோலக் கிடந்தன. டயர் பிதுங்கியிருந்தது. வைக்கோலுக்கு இந்தக் கனம் கிடையாது, அடியில் நெல் இருக்கிறது, மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று அவருடைய ஒரு பாதி மனசு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டது. மறுபாதி அவள் உள்ளே போனதையும், செம்பில் எதையோ கொண்டுவந்ததையும், அவன் அண்ணாந்து குடித்ததையும், துண்டால் வாயைத் துடைத்ததையும் பார்த்தது.

லாரி செங்கோட்டைப் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் தெருவைக் கடந்தார். அப்போதுதான் வந்தவர்போலச் செருப்பைக் கழற்றினார். அவள் காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னாள். கத்தரிக்காய் சொத்தையாக வந்ததைச் சொன்னாள். வீரபாகு வந்ததைச் சொல்லவில்லை. அவர் காப்பியை முடிக்கும்வரை காத்திருந்தார், படுக்கும்வரை காத்திருந்தார். அவராகக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பால்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். விடிவதற்கு முந்தி, புளியறைக்கு இந்தப் பக்கம் உள்ள வளைவில் விபத்து. மலையாள நாட்டிலிருந்து மரத்தடி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ரோட்டை அடைத்து நின்றிருந்தது. விளக்கு இல்லை. அதன் கிளீனர் இசக்கிப்பாண்டி சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு முறுக்காணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரலும் மூடுபனியுமாக இருந்த அந்த வளைவில் வீரபாகுவின் லாரி திரும்பிப் போய் மோதியது. இசக்கிப்பாண்டி அந்த இடத்திலேயே செத்துப்போனான். வீரபாகு நெற்றியில் அடியோடு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான்.

"காலி லாரியாம்," என்றார் பால்காரர். "காலி லாரிய இந்தப் பய என்ன ஓட்டு ஓட்டியிருக்கான் பாருங்க."

குழல்வாய்மொழி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சிவசைலம் அவளைப் பார்த்தார். அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

நடந்தது எளிதில் ஊகிக்கக்கூடியது. விபத்து நடந்ததும் லாரி முதலாளிக்கு ஆள் போயிருக்கிறது. போலீஸ் வருவதற்குள் மாட்டுவண்டிகளில் மூட்டைகள் இறங்கிப் போய்விட்டன. நெல் கடத்தல் கேஸ் என்றால் லாரியே பறிமுதலாகும். விபத்து என்றால் டிரைவரோடு போகும். "காலின்னு சொல்லிருலே, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி சொன்னாராம். முதலாளிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வீரபாகுவுக்கும் அப்படியே பட்டது. கனமான லாரிதான் பலமாக மோதும், காலி லாரி என்றால் தப்பு குறைவாகத் தெரியும் என்பது அவர்கள் இரண்டு பேரின் எண்ணம்.

நாலைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் வக்கீல் பால்வண்ணநாதன் வந்தார். லாரி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று விஞ்ஞானப்படி சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். தலைமையாசிரியர் சிவசைலத்தைக் கைகாட்டினார்.

சரித்திர ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. "சார்வாள், அவன் இவாள் வீட்டம்மாவுக்கு அத்தான்முறையில்லா! மாப்பிள்ளைப் போட்டியில இவாள் ஜெயிச்சாச்சு. கேஸ்லயும் இவாள்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். பால்வண்ணநாதன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சொந்தமா? அப்ப ரொம்ப விசேஷம். சொந்தக்காரரே சொல்லுதாருன்னா மாஜிஸ்திரேட் மறுபேச்சு பேச மாட்டாரு," என்றார். "வாரீயளா சார்? கார் நிக்கி."

முடியாது என்று சொல்ல சிவசைலத்துக்கு வாய் வரும் என்றுதான் அவரே எதிர்பார்த்தார். "வாரேன்" என்றார்.

புளியறை வளைவில் தார் ரோட்டில் தேய்ந்த தடம் இன்னும் இருந்தது. மோதிய பிறகு இரண்டு லாரியும் ஒன்றில் ஒன்று சொருகி, பூட்டிய சக்கரங்களோடு, ஒரே உடம்பாக நகர்ந்திருக்கின்றன. ஐந்தரை அடி. அவரே டேப்பைப் பிடித்து அளந்தார். வளைவின் தலைப்பில் இருபது மைலுக்கு மேல் போகாதே என்று போர்டு இருந்தது. கடைக்காரர் சுக்குக்காப்பி கொடுத்தார். ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இசக்கிப்பாண்டி கிடந்த இடம் இது என்று யாரோ காட்டியபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பள்ளி விட்ட பிறகு, ஆளில்லாத வகுப்பில் கரும்பலகையில் கணக்கைப் போட்டார். கடைசியிலிருந்து முன்னால் போக வேண்டிய கணக்கு அது. ஐந்தரை அடி தேய்ந்து நின்றதென்றால், ஈரத் தார் ரோட்டின் உராய்வை வைத்து, இரண்டு லாரியும் சேர்ந்து நகர ஆரம்பித்த வேகம் கிடைத்துவிடும். அதற்கு எடைகூட வேண்டாம். மணிக்கு எட்டு மைல் வந்தது.

அடுத்தது மோதல். இங்கேதான் பையன்கள் வழுக்கி விழுவார்கள். ஆற்றல் அழியாது என்று படித்ததைக் கொண்டுவந்து இங்கே வைப்பார்கள். அழியாதுதான். ஆனால் தகரம் நசுங்கியதில் கொஞ்சம், கட்டை பிளந்ததில் கொஞ்சம், சத்தமாகக் கொஞ்சம், சூடாகக் கொஞ்சம் என்று அது பல வழியில் போய்விடும். போனதை யார் போய் அளப்பது? உந்தம் அப்படிச் சிதறாது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். மோதுவதற்கு முன்னால் அது முழுவதும் ஓடிவந்த லாரியிடம் இருந்தது. மோதிய பிறகு இரண்டு லாரிக்கும் சேர்த்து அதே அளவு இருந்தாக வேண்டும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

தடி லாரி ஒன்பது டன். வீரபாகுவின் லாரி காலியென்றால் மூன்று டன். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. பன்னிரண்டை எட்டால் பெருக்கித் தொண்ணூற்றாறு. அந்தத் தொண்ணூற்றாறையும் மூன்று டன் லாரி தனியாகச் சுமந்து வந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு மைல்.

சாக்பீஸைக் கீழே வைத்தார். மூடுபனியில், அந்த வளைவில், முப்பத்திரண்டு மைல். இரண்டு வருஷம் ஜெயில்கூடக் கிடைக்கும். அவருக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பசித்தவனுக்குச் சோற்று வாசம் வருவதுபோல அடிவயிற்றிலிருந்து வந்தது. அதைப் பார்த்து அவரே பயந்தார்.

பிறகு மறுபடி சாக்பீஸை எடுத்தார். நெல்லோடு ஒன்பது டன் என்றால்? இரண்டும் சேர்ந்து பதினெட்டு. எட்டால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் பதினாறு. பாதி. பதினாறு மைலில் வந்தவன் பொறுப்பில்லாமல் வந்தான் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. விளக்கில்லாமல் நின்ற லாரிமேல்தான் தப்பு போகும். காலி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தவன், அந்த ஒரு வார்த்தையால்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரு குறுக்கு வழியும் பலகையில் தெரிந்தது. காலி லாரிக்கு, பையன்கள் செய்யும் தப்பையே செய்து ஆற்றலைச் சமப்படுத்தினால், அதற்கும் பதினாறுதான் வருகிறது. தப்பான விதியைப் போட்டு, சரியான விடையைக் கோர்ட்டில் சொல்லிவிடலாம். நெல் வெளியே வராது. தான் எதிர்வரிசையில் நின்று பார்த்ததும் வெளியே வராது. ஆனால் அப்படி ஒரு கணக்கைத் தன் கையால் எழுதுவதை நினைத்தபோது, அழுக்குத் துணியை வாயில் வைத்ததுபோல இருந்தது. பலகை முழுவதையும் அழித்தார். இவனைக் காப்பாற்ற நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். காலி என்று போலீஸ் எழுதியிருக்கிறது, காலி என்று அவனே சொல்கிறான். காலிக்கு முப்பத்திரண்டு. அது உண்மையான கணக்கு.

அன்றைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே குழல்வாய்மொழி கேட்டாள். "கணக்கு என்ன வந்துச்சு?"

"முப்பத்திரெண்டு."

"அது வேகமோ?"

"அந்த வளைவுக்கு இருபதுதான் போர்டு."

அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கலக்கினாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "லாரில பாரம் இருந்திருந்தா கணக்கு மாறுமோ?" என்றாள்.

"எதுக்குக் கேக்க?"

"சும்மாத்தான்."

இங்கேதான் எல்லாம் திரும்பியிருக்கலாம். 'அன்னைக்கு அத்தான் வந்திருந்தான்' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன் என்கிறாளே என்றுதான் அவருக்கு இருந்தது. அவனைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் வருகிறவள், அவன் வந்ததை மட்டும் எனக்குச் சொல்லமாட்டாளா?

"மாறாது," என்றார்.

ஆயுசில் முதல்தரமாக ஒரு கணக்கில் பொய் சொன்னார். அதைக் கேட்டு அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்க சொன்னா சரிதான். மத்ததுல எப்படியோ, கணக்குல நீங்க பொய் சொல்ல மாட்டிய," என்றாள். அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனார்கள். அவள்தான் கேட்டாள். பேரருவியில் நல்ல தண்ணீர். பாலத்துக்கு இந்தப் பக்கமே முகத்தில் தூவியது. அவள் பெண்கள் பக்கம் போனாள். சிவசைலம் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது.

"அண்ணாச்சி!"

வீரபாகு. ஜாமீனில் வந்திருக்கிறான். உடம்பெல்லாம் எண்ணெய், நெற்றியில் தையல். இளைத்திருந்தான், ஆனாலும் அதே சிரிப்பு. "கேஸ்ல என்னைய உள்ள தள்ளப் போறீயளாம்லா. ஊரே சொல்லுது. அதுக்கு முந்தி ஒரு குளி போட்டுருவோம், வாங்க."

அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் கேட்காது. சிவசைலம் அவன் காதருகே குனிந்து, "லாரி காலியா?" என்று கத்தினார்.

"என்னது?"

"அன்னைக்கு லாரி காலியாலே?"

அவன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "காலிதான் அண்ணாச்சி! சத்தியமா காலி!"

"காலின்னா தப்பு கூடுதல் தெரியுமா? பாரம் இருந்தா வேகம் கம்மின்னு ஆவும்!"

"அது எப்படி? பாரந்தான பலமா இடிக்கும்?"

"அதே இடிக்கு காலி லாரி இன்னும் வேகமா வந்திருக்கணும்லே!"

வீரபாகு விளங்காமல் பார்த்தான். கண்ணில் விழுந்த தண்ணீரை வழித்துவிட்டான். "எனக்கு இதெல்லாம் ஏறாதுன்னுதான பொண்ணை உங்களுக்குக் குடுத்தாவ!" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு குரல் மாறியது. "அண்ணாச்சி, முதலாளி என் கல்யாணத்துக்குன்னு முன்பணம் குடுத்தவரு. வாயத் தொறந்தா அம்மையத் தெருவுல விட்டுருவாரு. காலி. அவ்வளவுதான். குழலிகிட்ட இதெல்லாம் பேசாதீய, அவ கிடந்து பயப்படுவா."

குழலி. சிவசைலத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆறு வருஷத்தில் அவர் அவளுக்கு ஒரு சின்னப் பெயர்கூட வைக்கவில்லை. அருவிக்குள் தலையைக் கொடுத்தார். மண்டையில் விழுந்த தண்ணீரில் ஒன்றும் கேட்கவில்லை. சரி, என்று நினைத்துக்கொண்டார். கேட்டாயிற்று. அவன் வாயாலேயே காலி என்றான். இனி என் மேல் என்ன இருக்கிறது?

கேஸ் அடுத்த மாதம் வந்தது. கோர்ட் வராந்தாவில் இசக்கிப்பாண்டியின் மனைவி பேச்சித்தாய் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழல்வாய்மொழி எப்போது வந்தாளோ தெரியாது. பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வீரபாகு கூண்டில் இருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, சாட்சி சொல்கிற குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பால்வண்ணநாதன் ஒவ்வொன்றாகக் கேட்டார். சிவசைலம் வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார். மாஜிஸ்திரேட்டுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, "அந்த உந்தம் வெளியே எங்கயும் போகாதா?" என்று கேட்டார்.

"மோதுற நேரத்துல போகாது. முன்னால எவ்வளவோ, பின்னாலயும் அவ்வளவு. இருக்குறத இல்லைன்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு வராந்தாவைப் பார்த்தார். குழல்வாய்மொழி மெதுவாகத் தலையாட்டிக்கொண்டாள். பாரம் இருந்தாலும் மாறாது என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி, வேறு வழியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிற்கிறவளின் தலையாட்டல் அது. சரித்திர ஆசிரியரிடம் கேட்டிருந்தால்கூட அவள் இரண்டாந்தரம் விசாரித்திருப்பாள். இவர் சொன்னதால் விசாரிக்கவில்லை. 'அத்தான்' என்ற வார்த்தைக்குப் பதிலாக ஆறு வருஷமாக அவள் தனக்குக் கொடுத்துவந்தது இந்த நம்பிக்கைதானோ என்று அவருக்குத் தோன்றியது. அதைத்தான் அன்றைக்கு ரசம் ஊற்றும் நேரத்தில் திருடிவிட்டோம்.

"ஆக," என்றார் பால்வண்ணநாதன், "எதிரியின் லாரி மணிக்கு முப்பத்திரண்டு மைல் வேகத்தில் வந்தது. சரிதானே?"

சிவசைலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோர்ட் காத்திருந்தது. டவாலிச் சேவகன் இருமினான்.

"லாரி காலியா இருந்தா," என்றார்.

"காலிதான சார். ரிப்போர்ட்லயே இருக்கே."

"காலியா இல்ல. நெல் பாரம். பாரம் இருந்தா வேகம் பதினாறு மைல்தான்."

எதிரி தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். முதலாளி அமர்த்திய வக்கீல் அவர். தன் கட்சிக்காரனைக் காப்பாற்றுகிற சாட்சியை வாயை மூடச் சொல்லி வக்கீலே கத்துவதைப் பார்த்து மாஜிஸ்திரேட் குழம்பிப்போய், அவரை உட்காரச் சொன்னார். "பாரம் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிவசைலம் சொன்னார். முந்தின சாயங்காலம் லாரியைப் பார்த்ததாகவும், பின்சக்கரத்து ஸ்பிரிங் தட்டையாகக் கிடந்ததாகவும். உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

"எங்கே பார்த்தீங்க?"

"எங்க வீட்டு வாசல்ல நின்னுது. நான் எதிர்ல தையல்கடை ஓரமா நின்னு பார்த்தேன்."

பால்வண்ணநாதன் சாட்சி கைநழுவிய கோபத்தில் இருந்தார். "உங்க வீட்டு வாசல்ல நின்ன லாரிய எதுக்கு எதிர்ல நின்னு பாத்தீய? மழைக்கு ஒதுங்கினீயளோ?"

"மழை இல்ல."

"பின்ன?"

வராந்தாவில் பேச்சித்தாயின் குழந்தை சிணுங்கி அடங்கியது.

"என் சம்சாரம் அவன்கூட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா. முடியுறவரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். பிறகு பல பேர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவசைலத்தைப் பார்த்தான், அப்போதுதான் முதல்தரமாக அவரைப் பார்ப்பவன்போல. குழல்வாய்மொழி வராந்தாவில் இல்லை.

மாஜிஸ்திரேட் இடத்தைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். புளியறை வளைவில், பக்கத்தில் வயலே இல்லாத அந்த ரோட்டோரப் பள்ளத்தில், கொட்டிப்போன நெல் சாரலில் முளைத்து முழங்கால் உயரத்துக்கு நாற்றாக நின்றது. பிடுங்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அதற்குமேல் வீரபாகுவும் மறைக்கவில்லை.

சிவசைலம் சாட்சி சொன்ன அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படி வாசலில் நின்றார்.

"பாரம் இருந்தா மாறும். அன்னைக்கு மாறாதுன்னு சொன்னது பொய்," என்றார்.

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "உள்ள வாரதுக்கென்ன அன்னைக்கு? உங்க வீடுதான?" என்றாள்.

அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"எதுக்கு வந்தான்னு கேக்கணும்னா கேளுங்க. சொல்லுதேன்."

கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் அவள் உண்மையைத்தான் சொல்லுவாள். சொன்ன பிறகும் இந்த எரிச்சல் தனக்குள் குறையப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றார்.

அவள் அடுப்பில் உலை வைத்தாள்.

வீரபாகு பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றத்திலிருந்து விடுதலையானான். தீர்ப்பைக் கேட்டுப் பேச்சித்தாய், "அப்ப எங்க வீட்டுக்காரரக் கொன்னது யாருய்யா?" என்று கேட்டாள். தடி லாரிக்காரர்கள் அவளுக்கு ஏதோ கொடுத்தார்கள். அவள் புளியறையிலேயே அந்தச் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டிப் பிள்ளையை வளர்த்தாள். நெல் கேஸில் வீரபாகு சில மாதம் ஜெயிலில் இருந்தான். லாரி பறிமுதலானது, முதலாளி வேறு லாரி வாங்கினார். வீரபாகு வெளியே வந்து பஸ் டிரைவரானான், ராஜபாளையத்துப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டான், ஓய்வுபெற்று அங்கேயே இருந்து செத்தான். பால்வண்ணநாதன் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிப் போனார். சிவசைலம் சாருக்கு அதற்கு மூன்றாம் வருஷம் ஒரு பெண் பிறந்தது. கோர்ட்டில் அவர் சொன்னதை வைத்துப் பையன்கள் வெகுகாலம் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பள்ளியிலேயே ஓய்வுபெற்று, எழுபது வயசில் தென்காசியில் இறந்தார். வீட்டம்மா இப்போது மகளோடு மதுரையில் இருக்கிறார். வீரபாகு அன்றைக்கு எதற்காக வந்தான் என்பதைச் சார் கடைசிவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.